ஃப்ரிட்ஜில் பன்னிரண்டு கிழங்குகள்

எண்பத்து நான்காம் நாள் மாலை ஐந்து நாற்பதுக்கு நோட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து, காய்கறித் தட்டின் பின்புறம் கையை விட்டு, பழுப்புக் காகிதப் பையை வெளியே எடுத்தாள். எடுத்த கைக்கே தெரிந்துவிட்டது. பை கனம் குறைந்திருந்தது.

நோட்டு என்பது அண்ணன் வைத்த பெயர். எங்கே போனாலும் கக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிற வேலை அவளுக்கு. அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வாங்கியவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால் மூன்று முறை அளந்து ஒரு முறை வெட்டுவாள். வெட்டியபிறகும் சரியாகத்தான் வெட்டினோமா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வருவாள்.

எதையும் நம்பாத இந்தக் குணத்தோடுதான் வீட்டுக்குள் செடி வளர்க்கும் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். மூன்றாவது மாடி. இருக்கிற ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர்தான் தெரியும். சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே உள்ள நடையில் நாலு அடுக்கு இரும்பு அலமாரி ஒன்று, அடுக்குக்கு இரண்டு குழல் விளக்கு. கீழ் அடுக்கில் கடுகு முளை, அதற்கு மேலே கீரையும் புதினாவும், மூன்றாவதில் கொத்தமல்லியோடு ஒரு மிளகாய்ச் செடி, உச்சியில் பூத்தொட்டிகள். விளக்கு தானாகவே காலையில் எரிந்து இரவில் அணையும். "செடிக்கு வெளிச்சம், நமக்கு இருட்டு. பாத்ரூமுக்குப் போற வழியில அந்த அலமாரியில இடிச்சு இடிச்சு என் முட்டி வீங்கினதுதான் மிச்சம்" என்பாள் அம்மா. சொல்வாளே தவிர, நோட்டு கடைக்குப் போன நேரத்தில் தண்ணீர் தெளிப்பதும் அவள்தான். ஐந்து மாதமாக இங்கே விளைகிற கீரை அண்ணனின் சாப்பாட்டு டப்பாவுக்குப் போகிறது; அவன் பத்துக்குப் போடுகிற மார்க்கை நோட்டு எழுதி வைத்துக்கொள்வாள்.

வகுப்பு முடிகிற அன்று ஆளுக்கொரு பூத்தொட்டி கொண்டுவந்து காட்ட வேண்டும். அதற்காக டீச்சர் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு நார்சிசஸ் கிழங்குகள் கொடுத்திருந்தார். வெள்ளை இதழும் நடுவில் மஞ்சள் கிண்ணமுமாகப் பூக்கிற பூ. குளிர்காலம் ஒன்றைக் கடந்தால்தான் அந்தக் கிழங்குக்குப் பூக்கத் தோன்றும். குளிரே இல்லாத ஊரில் அதற்கு என்ன வழி? பன்னிரண்டு வாரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கிழங்கும் குளிர்காலம் வந்து போய்விட்டது என்று நம்பிவிடும்.

"பாவம்டி, ஒரு கிழங்கைப் போய் ஏமாத்துறீங்களே" என்றான் அண்ணன் அன்றைக்கு. "நல்லதுக்குத்தானே ஏமாத்துறோம்" என்று அவள் சொன்னாள். அவன் ஏனோ டப்பாவை எடுத்துக்கொண்டு அவசரமாக வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

இன்றோடு பன்னிரண்டு வாரம். மண், தொட்டி, சின்னக் கரண்டி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். பையைத் தரையில் கொட்டி எண்ணினாள். ஒன்பது. மறுபடி எண்ணினாள். தன் எண்ணிக்கையில் அவளுக்கு எப்போதுமே நம்பிக்கை கிடையாது. அதனால் மூன்றாவது முறையும் எண்ணினாள். ஒன்பதுதான்.

"அம்மா, இந்தப் பையில பன்னிரண்டு இருந்துச்சே?"

அம்மா நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். பாலைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

"அதுவா? வீட்டுல வெங்காயம் தீர்ந்துபோச்சு. இந்த வாயை வெச்சுக்கிட்டு கடைக்கு யாரு போறது? பார்த்தா உள்ள ஒரு பை. வெங்காயத்தை யாராவது ஃப்ரிட்ஜுல வெப்பாங்களாடி? அழுகிடப் போகுதேன்னு மூணு எடுத்து உன் கீரையோட வதக்கிட்டேன்." கையை மாற்றிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா என்ன வெங்காயமோ போ. அரியும்போது கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல."



"நீ… நீ சாப்பிட்டியா?"

"இந்தப் பல்லோடயா?"

"மிச்சம் எங்க?"

"மிச்சமா? உன் கீரை வதக்கினா கைப்பிடிதான் வருது. மொத்தத்தையும் ரொட்டிக்குள்ள வெச்சு அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்துட்டேன். ஏன், அது என்ன அபூர்வ வெங்காயமா?"

"அது வெங்காயம் இல்லம்மா. பூக்கிழங்கு. விஷம்."

அம்மாவின் கை கன்னத்திலிருந்து தானாக இறங்கியது. பல்லில் வலி என்று ஒன்று இருந்ததையே அவள் அந்த நொடியில் மறந்துபோனாள். வாய் திறந்தபடி நின்றது. உள்ளே வைத்திருந்த பஞ்சு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

நோட்டு பையின் முகப்பைப் பார்த்தாள். அவள் கையெழுத்து, அச்சடித்தது போல இருந்தது: '12 எண்ணம். பழம் அருகில் வைக்காதே.' ஆப்பிளின் காற்றுப் பட்டால் உள்ளிருக்கும் மொட்டு கெட்டுவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அதனால் பன்னிரண்டு வாரமும் வீட்டில் ஆப்பிளே வாங்கவிடவில்லை. தின்றால் ஆபத்து என்றும் டீச்சர் சொல்லியிருந்தார். அதுவும் நோட்டில் இருக்கிறது, நாற்பத்தோராம் பக்கத்தில், சிவப்பு மையில், இரண்டு அடிக்கோடு போட்டு. நோட்டில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்றே அவள் நினைத்திருந்தாள். ஆப்பிளிடமிருந்து கிழங்கைக் காப்பாற்றத் தெரிந்தவளுக்குக் கிழங்கிடமிருந்து வீட்டைக் காப்பாற்றத் தோன்றவில்லை.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். மதியம் இரண்டு மணிக்கு வேலைக்குப் போனால் ஆறு பத்துக்குத்தான் சாப்பாட்டு இடைவேளை. அதன்பின் ஆறரை வண்டியை எடுத்துக்கொண்டு மேம்பாலம் வழியாகப் போக வேண்டும். மாலை நேரத்தில் அந்த வண்டியில் நிற்கக்கூட இடம் இருக்காது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது வயிற்றைப் பிரட்டினால்? பாலத்தின் நடுவில் கண் இருட்டினால்?

ஓட்டுநர்கள் கைபேசியைப் பணிமனைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும். இருந்தாலும் அழைத்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. அலுவலக எண்ணில் யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள். மணி ஐந்து ஐம்பது. கிழங்குகளைப் பைக்குள் வாரிப் போட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படியில் தடதடவென்று இறங்கினாள். இரண்டாவது மாடியில்தான் ஒரு காலில் தன் செருப்பும் இன்னொன்றில் அம்மாவின் செருப்பும் இருப்பது தெரிந்தது.

பணிமனைக்கு நடந்தால் முக்கால் மணி நேரம். ஓடினால் எவ்வளவு ஆகும் என்று அவள் அளந்ததில்லை. பெயிண்ட் கடை, சலவைக் கடை, முடிவெட்டும் கடை. முடிவெட்டுபவர் கத்தரியோடு வெளியே வந்து எட்டிப் பார்த்து, "யாரும்மா துரத்துறா?" என்றார். அவள் நிற்கவில்லை. சிக்னலில் சிவப்பு விழுந்திருந்தது. பிறந்ததிலிருந்து சிவப்பு விளக்கில் சாலையைக் கடக்காதவள், இரண்டு வண்டிக்காரர்கள் திட்டத் திட்ட அதைக் கடந்தாள்.

பணிமனை வாசலில் ஆறு பதினேழு. அண்ணன் குழாயடியில் குனிந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தான். டப்பா காலி. சோப்பு நுரை மட்டும் வழிந்தது.

"நோட்டு? நீ எங்க இங்க? என்ன செருப்புடி இது, ஃபேஷனா?"

"சாப்பிட்டியா?"

"ம். அருமையா இருந்துச்சு. பத்துக்கு எட்டு போட்டுக்கோ."

தினமும் அவன் சொல்கிற அதே வாக்கியம், அதே சிரிப்பு. அவள் குழாய்த் திண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அதுல அம்மா வெங்காயம்னு நெனச்சு என் பூக்கிழங்கைப் போட்டுட்டாங்க. விஷம். வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். வண்டியைத் தொடாதே. வயித்தை என்ன பண்ணுது? குமட்டுதா? தலை சுத்துதா?"

அவன் முகத்திலிருந்த சிரிப்பைத் துடைத்து எடுத்தது போலிருந்தது. ஆனால் அவன் வயிற்றைத் தொடவில்லை. மெல்லத் திரும்பி, பணிமனையின் பின்பக்கம், வண்டிகளைப் பழுது பார்க்கிற கொட்டகையைப் பார்த்தான். டப்பா கையிலிருந்து நழுவிச் சிமெண்டில் உருண்டது.

"அண்ணா, வான்னா!"

"நான் சாப்பிடல, நோட்டு."

"இப்பத்தானே அருமைன்னே?"

"அது… தினமும் சொல்றதுதானே." கண்ணைக் கொட்டகையிலிருந்து எடுக்கவில்லை. "நான் ஒருநாளும் சாப்பிட்டதில்ல. வண்டி ரிப்பேர் பார்க்கிற ஸ்பானர் அண்ணன்தான் சாப்பிடுவாரு."

அவள் காதில் விழுந்தது. ஆனால் உள்ளே போகவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. அவன் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தான். அவளும் பின்னால் ஓடினாள்.

கொட்டகையில் ஒரு வண்டி பள்ளத்தின் மேல் நின்றிருந்தது. அடியில் இறங்கி நின்று வேலை பார்க்கிற பள்ளம். உள்ளே விளக்கு எரிந்தது. ஆளைக் காணவில்லை.

"ஸ்பானர் அண்ணே!"

இருமல் சத்தம் வந்தது. பள்ளத்தின் மறுகோடியில், கீழ்ப்படியில், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் மடங்கி உட்கார்ந்திருந்தார். கிரீஸ் படிந்த காக்கி, நெற்றியெல்லாம் வியர்வை. தீயணைக்கிற மணல் வாளியை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். வாளிக்குள் என்ன இருந்தது என்பதைப் பார்க்காமலே தெரிந்தது.

"ஒண்ணும் இல்லடா. காலையில இருந்தே வெயில்ல…" என்று ஆரம்பித்தவர் வாளிக்குள் மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது அவளையும் அவள் கக்கத்தில் இருந்த நோட்டையும் பார்த்தார். அந்த நிலையிலும் முகத்தில் ஒரு மலர்ச்சி. "இதுதான் தங்கச்சியா? நோட்டு?"

"எவ்வளவு சாப்பிட்டீங்க? எப்போ?"

"அஞ்சரைக்கு. முழுசும்." மூச்சு வாங்கியது. "இன்னைக்கு வெங்காயம் ஒரு மாதிரி கசந்துச்சும்மா. நாக்குல ஊசி குத்துற மாதிரி. தங்கச்சி ஏதோ புதுசா வளர்த்திருக்குன்னு நெனச்சேன். பாதியில வெச்சா கருத்து எப்படிச் சொல்றது? அதான் முழுசா முடிச்சேன்."

அவள் பள்ளத்தின் விளிம்பில் மண்டியிட்டபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கால் ஓடவில்லை என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள். கை தன்னுடையதுதானா என்ற சந்தேகமே வருகிற அளவுக்கு அது இருக்கும் என்று தெரியாது.

நேரக் கண்காணிப்பாளர், "ஆறரை வண்டியை யார் எடுக்கப் போறா?" என்று கத்திக்கொண்டே வந்தார். பள்ளத்தைப் பார்த்ததும் குரலை இறக்கி, பணிமனை ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார். நாலு பேர் ஸ்பானரைத் தூக்கினார்கள். வாளியை அவர் விடவில்லை. அதுவும் ஜீப்பில் ஏறியது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர். "என்ன சாப்பிட்டார்? எவ்வளவு?" என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு எல்லாரும் சொல்கிற 'ஏதோ', 'கொஞ்சம்' என்ற பதிலை எதிர்பார்த்தவர் போல அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தார். நோட்டு அதற்குள் பையை மேசையில் கொட்டினாள். ஒவ்வொரு கிழங்கின் தோலிலும் பென்சிலால் ஒரு எண். நோட்டில் அந்தந்த எண்ணுக்கு நேரே எடை. இல்லாதவை நாலு, ஏழு, பதினொன்று.

"முப்பத்தெட்டு கிராம், நாற்பத்தொன்று, முப்பத்தைந்து. மொத்தம் நூற்றுப் பதினாலு. தோலும் வேரும் போக நூறு இருக்கலாம். வதக்கினது. ஐந்தரைக்குச் சாப்பிட்டார். செடி பேர் இது." குரல் தன்னுடையதாக இல்லை. கடையில் லென்ஸ் அளவு படிக்கிற குரல்.

டாக்டர் நோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவு துல்லியமா யாரும் வந்து சொன்னதில்ல" என்றார். பிறகு காகிதப் பையைத் திருப்பிப் பார்த்தார். "இத்தனை எழுதினீங்களே. இதுமேல 'விஷம்'னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதா?"

அந்த வார்த்தை நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. அவள் நோட்டை மூடினாள்.

ஸ்பானரை உள்ளே கொண்டுபோய்க் கையில் ஊசி குத்தி மருந்துத் தண்ணீர் ஏற்றினார்கள். இதயத் துடிப்பைப் பார்க்கும் கருவியை மாட்டினார்கள். மூன்று மணி நேரம் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்றார்கள். அண்ணனும் தங்கையும் வெளி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணன் வீட்டுக்கு அழைத்து, "நான் நல்லா இருக்கேம்மா" என்றான். எதிர்முனையில் அம்மா அழுவது பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"அஞ்சு மாசமா என் கீரையை நீ தொடவே இல்லையா?" என்றாள் அவள்.

"பச்சை வாசனையே எனக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? சின்ன வயசுல இருந்தே ஆகாது."

"நீ மாறிட்டேன்னு நெனச்சேன்."

"முதல் நாள் உன் முகத்தைப் பார்த்துட்டுப் பொய் சொன்னேன். நீ அதோட விட்டியா? தண்டு முத்தலா இருந்துச்சா, உப்பு ஏறுச்சா, மார்க் எத்தனைன்னு பரீட்சை வெச்சே. நான் எங்க போவேன்? ஸ்பானர் அண்ணன் தனி ஆளு, மூணு வேளையும் கேன்டீன் ரொட்டிதான். டப்பாவை அவர்கிட்ட கொடுத்துட்டு, அவர் சொல்றதைக் கேட்டு வந்து உன்கிட்ட ஒப்பிப்பேன். போகப் போக அவரு ரொம்ப சீரியஸாயிட்டாரு. ஒருநாள் 'தங்கச்சிகிட்ட சொல்லு, கொத்தமல்லியைப் பூக்க விடுறதுக்கு முன்னாடி பறிக்கணும்'னாரு."

அவளுக்கு அந்தப் பக்கம் நினைவுக்கு வந்தது. 'அண்ணன் கருத்து: கொத்தமல்லி பூக்குமுன் பறிக்க வேண்டும். சரியே.' அதைப் படித்துப் படித்து எத்தனை நாள் பூரித்திருப்பாள். நோட்டை மடியில் வைத்துத் திறந்தாள். 'அண்ணன்' என்ற தலைப்பின்கீழ் நூற்றுப் பன்னிரண்டு வரிகள். ஒன்றுகூட அண்ணனுடையது இல்லை.

"கோபமா?" என்றான்.

"தெரியல. அவர் எழுந்திரிக்கட்டும். அப்புறம் பார்க்கலாம்."

எட்டரைக்கு ஸ்பானருக்கு இன்னொரு முறை வாந்தி. அவர் கால் இழுத்து இழுத்து நடுங்குவது கதவின் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் கண்ணை மூடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. நடுவில் எங்கோ நின்றாள். ஒன்பதரைக்கு டாக்டர் வெளியே வந்து, "துடிப்பு சீராயிடுச்சு. பயமில்லை. காலையில அனுப்பிடலாம்" என்றார். அண்ணன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே போக இருவருக்கும் இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். ஸ்பானர் கிழிந்த துணி மாதிரி கிடந்தார்.

"இனிமே நான் எதுவும் வளர்க்க மாட்டேண்ணா" என்றாள்.

"அப்போ என்னைக் கேன்டீன் ரொட்டியிலயே சாகடிக்கப் பார்க்கிறியா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கீரையை விட்டுடாதேம்மா. அந்த வெங்காயத்தை மட்டும் இனிமே கண்ணுல காட்டாதே." சிறிது மூச்சு விட்டார். "என்ன பார்க்கிறே, எழுதலையா? வெங்காயத்துக்குப் பூஜ்யம். கீரைக்கு ஏழு. வதக்குனதுல தண்ணி கொஞ்சம் நின்னுடுச்சு."

அவள் எழுதினாள். அவசரத்தில் ஏழு எட்டுப் போலத் தெரிந்தது. அடித்துவிட்டுத் திருத்தி எழுதினாள். பிறகு மேலே 'அண்ணன்' என்றிருந்த தலைப்பை ஒரே கோடாக அடித்து 'ஸ்பானர் அண்ணன்' என்று போட்டாள்.

மறுநாள் காலை அம்மா பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்து அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே எல்லாவற்றிலும் சீட்டு, எல்லாச் சீட்டிலும் கொட்டை எழுத்து. பாலில் 'குடிக்கலாம்'. முட்டை ஒவ்வொன்றிலும் 'சாப்பிடலாம்'. தக்காளியிலும் அதுவே. ஒன்பது கிழங்கும் ஃப்ரிட்ஜில் இல்லை. அலமாரியின் உச்சியில், மண்ணுக்குள். தொட்டியைச் சுற்றிலும் சிவப்பு மையில் 'விஷம், விஷம், விஷம்'.

"பாலுக்கு எதுக்குடி சீட்டு?"

"இருக்கட்டும்மா."

அம்மா பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கை பாதி நீண்டு அங்கேயே நின்றது. முப்பது வருடமாகச் சமைத்த கை. "நீயே எடுத்துக் கொடு" என்றாள் மெல்ல. நோட்டு எடுத்துக் கொடுத்தாள். கொடுப்பதற்குமுன் அவளும் மூன்று முறை முகர்ந்து பார்த்தாள்.

அண்ணன் குளித்துவிட்டு வந்து, யாரும் எதுவும் கேட்பதற்குள், அலமாரியின் இரண்டாம் அடுக்கிலிருந்து ஒரு கீரை இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான். மென்றான். கண்ணில் தண்ணீர் வந்தது. முகம் கோணலாயிற்று. எப்படியோ விழுங்கிவிட்டான்.

"எப்படி இருக்கு?" என்றாள் நோட்டு. பழக்கத்தில் கேட்டுவிட்டாள்.

அவன் அந்தப் பழைய சிரிப்புக்கு உதட்டைக் கொண்டுபோய், பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

"கண்றாவியா இருக்கு."

அவள் நோட்டில் புதிதாக ஒரு பக்கத்தைத் திருப்பி, மேலே 'அண்ணன்' என்று எழுதினாள்.

"மார்க்?"

"ஒண்ணு. அதுவும் நீ வளர்த்ததுக்கு."

"அதெல்லாம் சேர்க்கக் கூடாது" என்றாள் அவள். யோசித்து, பூஜ்யம் என்று போட்டாள்.